இந்த மூணு கிலோமீட்டரும் அந்த மூணு கிலோமீட்டரும்

“சித்தப்பா, ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் ஒரே எடைதானே?”

“ஆமாம்.”

“அப்போ இந்த மூணு கிலோமீட்டரும் அந்த மூணு கிலோமீட்டரும் ஒரே தூரம்தானே?”

“அதிலென்ன சந்தேகம்?”

“அப்புறம் ஏன் இங்க ஓடினா இப்படி மூச்சு வாங்குது, அங்க ஓடினா வாங்கவே மாட்டேங்குது?”

கேட்டவள் என் அண்ணன் மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். ‘இங்க’ என்று அவள் சொன்னது ஓசூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையை. ‘அங்க’ என்றது அவளுடைய பாட்டி ஊர் ஏரிக்கரையை. தளி போகும் வழியில், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் அது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, “ஓடி முடித்ததும் நாடி பார்த்து எழுது” என்றேன். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்தால் துடிப்பு தெரியும். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். நொடி பார்க்க அவள் கட்டிக்கொண்டது ஓசூரிலேயே தயாரான டைட்டன் கடிகாரம். இப்படிப்பட்ட குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் கடிகாரம் நொடியைக் கணக்கிடுகிறது.

இரண்டு வாரம் எழுதினாள். அவள் சொன்னது சரிதான். சாலையில் ஓடிய நாட்களில் நாடித்துடிப்பு கூடுதல், ஏரிக்கரையில் குறைவு. இனிக் காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

ஏரிக்கரை ஏன் ஏறி இறங்குவதில்லை?

முதல் காரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ஓசூர் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பேருந்து சூளகிரி வழியாக ஏறிக்கொண்டேதான் வரும். ஊருக்குள்ளும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஆனால் ஏரிக்கரை மட்டும் கயிறு பிடித்ததுபோல் சமமாக இருக்கிறதே, எப்படி?

தண்ணீர்தான் காரணம். தேங்கிய நீரின் மேற்பரப்பு எப்போதும் சமமாகவே இருக்கும். கரை ஓரிடத்தில் ஒரு முழம் தாழ்ந்தாலும் நீர் அங்கே வழிந்து கரையை அரித்துவிடும். அதனால் பழங்காலத்தில் ஏரி வெட்டியவர்கள் கரையை ஒரே உயரத்தில் கட்டினார்கள். மிஞ்சும் நீர் வெளியேற மட்டும் ஓரிடத்தில் கலங்கல் வைத்தார்கள். நெதர்லாந்திலும் இப்படித்தான். அந்த நாட்டின் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நீரைத் தடுக்கக் கட்டிய நீண்ட கரைகளின் மேல் அங்கே மக்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள்.

சரி, மேடு ஏறினால் எவ்வளவு கூடுதல் உழைப்பு? உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓடும் வழியில் மொத்தம் 20 மீட்டர் உயரம் ஏறினால், அது 50 கிலோ ராகி மூட்டைகள் 12-ஐ ஒவ்வொன்றாக ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைப்பதற்குச் சமம்! இறங்கும்போது அந்த உழைப்பு முழுவதும் திரும்பக் கிடைக்காது. உடம்பு உருண்டு விடாமல் பிடித்து நிறுத்தவும் தசைகள் வேலை செய்ய வேண்டுமே.

காற்றில் என்ன வித்தியாசம்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை நுரையீரல் இழுக்கிறது. ஓடும்போது அது பல மடங்காகிறது. காற்று நல்லதாக இருந்தால் நல்லது பல மடங்கு உள்ளே போகும். புகையாக இருந்தால் புகையும் அப்படியே போகும்.

எங்கள் சிப்காட் சாலையில் ஓடும் லாரிகளின் புகையில் 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய துகள்கள் உண்டு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்றால், இவை எவ்வளவு சின்னவை என்று பாருங்கள். மூக்கில் உள்ள முடியாலும் சளியாலும் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆனால் சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வண்டிப் புகை வெகுவாகக் குறைந்துவிடும்.

மார்கழி மாதத்தில் ஓசூரில் பனி மூடியிருக்கும். அந்த நேரத்தில் தரையோரக் காற்று குளிர்ந்து கனமாகி, அதன் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கும். வெயில் வந்து தரை சூடானால்தான் அந்த மூடி கலையும். ஆகவே குளிர்காலத்தில் சாலையோரமாக ஓடுபவர்கள் கொஞ்சம் வெயில் வந்தபின் கிளம்புவது நல்லது.

காலுக்குக் கீழே

ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் இரண்டு கால்களும் தரையில் படாமல் உடம்பு காற்றில் இருக்கும். நடையில் அப்படி இல்லை, எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். காற்றிலிருந்து இறங்கும் கால், உங்கள் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் ஒரு தசைநாண் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். இறங்கும்போது அது ரப்பர்போல் நீண்டு, அடுத்த அடிக்கு உங்களை உந்தித் தள்ளுகிறது.

கெட்டியான மண் பாதை அழுத்தினால் கொஞ்சம் இளகும். கால் அதை உணர்ந்து, முதல் அடியிலேயே தன் விறைப்பை மாற்றிக்கொள்கிறது. உதிரி மணலில் அப்படிச் சமாளிக்க முடியாது. அங்கே ஓட, கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். தார்ச்சாலையில் வேறொரு சிக்கல். கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கும். சூடான இடத்தில் ஓடினால் இதயத்துக்கு இரண்டு வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் துடிப்பு கூடுகிறது. ஏரிக்கரைப் புங்கமரமும் புளியமரமும் வெயிலை மறைக்கின்றன. இலை வழியே நீராவி விட்டுச் சுற்றுக் காற்றையும் குளிர்விக்கின்றன.

இப்படி அடிமேல் அடி வாங்கும்போது எலும்பும் வலுவாகிறது. அதற்கு வேண்டிய கால்சியம் அந்தக் கரையோரக் கொல்லையிலேயே விளைகிறது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எங்கள் ஊரில் தமிழ் பேசும் வீட்டில் அதைக் களி என்போம், கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கடி.

காட்டோரம் மட்டும் வேண்டாம்

ராகி முற்றும் மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். அந்த நாட்களில் விடியற்காலையிலும் மாலை இருட்டிலும் காட்டோரப் பாதையில் யாரும் ஓடக் கூடாது.

யானை ஓடுமா என்று கேட்டால் விஞ்ஞானிகள் கொஞ்சம் யோசிப்பார்கள்! எவ்வளவு வேகமாகப் போனாலும் யானையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதில்லை. 2003-இல் தாய்லாந்து யானைகளைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் இதை உறுதி செய்தார்கள். அப்படியிருந்தும் அவற்றில் ஒன்று மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. உங்களாலும் என்னாலும் அதை முந்த முடியாது. அதன் வழியை அதற்கு விட்டுவிடுவோம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

காரணங்களை எல்லாம் கேட்டுவிட்டு என் அண்ணன் மகள் இன்னொரு கேள்வி கேட்டாள். “இதுல எது முக்கியமான காரணம் சித்தப்பா? எல்லாம் ஒண்ணாக் கலந்துல்ல இருக்கு?”

விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி! பல காரணங்கள் கலந்திருந்தால், ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் சாலையிலிருந்து லாரிகளை எப்படி எடுப்பது?

ஆயுத பூஜை எடுத்துக் கொடுத்தது. பூஜை முடிந்து தொழிற்சாலைகள் விடுமுறை. மறுநாள் காலையில் சிப்காட் சாலையில் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும்தான் கிடந்தன, வண்டிகளே இல்லை. அதே சாலை, அதே மேடு, அதே நேரம், அதே செருப்பு. அவள் ஓடினாள், நான் சைக்கிளில் கூடவே போனேன். நாடி வழக்கமான சாலைக் கணக்கைவிடக் குறைவு. ஆனால் ஏரிக்கரைக் கணக்கு அளவுக்கு இறங்கவில்லை.

நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “குறைஞ்சது லாரி போனதால. மிச்சம் மேட்டாலயும் மரம் இல்லாததாலயும்.”

ஒரே ஒரு நாள் பார்த்தது முடிவாகாது. இன்னும் சில விடுமுறை நாட்களில் ஓடிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதையும் அவளே நோட்டில் எழுதி வைத்தாள்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் ஒரே தூரமுள்ள இரண்டு பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சாலை, இன்னொன்று ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் அல்லது மைதானம். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் ஓடி, நின்றவுடன் நாடி பாருங்கள். வெயில், காற்று, மரம், மேடு பற்றி ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து நாளாவது கணக்கு வேண்டும்.

எங்கள் சிப்காட் சாலையின் மேட்டை நாங்கள் மாற்ற முடியாது. லாரிகள் ஓடாமலும் இருக்காது, பலருடைய பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் அவள் கணக்கில் மிஞ்சிய மூன்றாவது காரணம் எங்கள் கையில் இருக்கிறது. பாட்டி ஊர்க் கரையிலிருந்து புங்கங்காய்கள் பொறுக்கி வந்திருக்கிறாள். பால் கவரில் மண் நிரப்பி, விதைகளை ஊன்றி, எங்கள் மொட்டைமாடியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள்.