காலையில் குலுங்கும் ஹைபிரிட் கார்... ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறது ஒரு குடும்பம். காமாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு, இரவு லாட்ஜில் தங்குகிறது. மறுநாள் காலை ஹைபிரிட் காரைக் கிளப்பினால், இன்ஜின் கடகடவென்று குலுங்குகிறது. சில விநாடிகளில் தானாகவே சரியாகிவிடுகிறது. 'ராத்திரி முழுக்க நின்ன வண்டி, அப்படித்தான்' என்று கிளம்பிவிடுவோம். இந்த அலட்சியம்தான் இன்ஜினுக்கே உலை வைக்கும்!

இந்தக் கோளாறுக்குப் பேர்போனது, 2009-ல் அறிமுகமாகி 2010-ல் இந்தியாவுக்கும் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ். இலங்கையிலும் கனடாவிலும் தமிழர்கள் பலர் ஓட்டும் கார் இது.

அடைப்பு எங்கே?

இன்ஜின் வெளியேற்றும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து, மீண்டும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்புவதுதான் இ.ஜி.ஆர். எரியும் சூடு குறையும். நச்சுப் புகையும் குறையும். புகையைக் குளிரவைக்கும் கூலரின் நுண்ணிய துளைகளில் நாளடைவில் கரி அப்பிக்கொள்ளும். குளிர்ந்த புகை போதுமான அளவு போகாது; சிலிண்டரில் சூடு ஏறும், 'நாக்கிங்' வரும். இதுவே ஹெட் கேஸ்கெட்டைப் பழுதாக்குகிறது என்பது பல மெக்கானிக்குகளின் அனுபவம். கேஸ்கெட் விட்டுப்போனால், இரவில் கூலன்ட் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கும். காலைக் குலுக்கலுக்கு அதுதான் காரணம்.

இதையெல்லாம் கவனியுங்கள்

* வெளியே கசிவே இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது. ப்ரியஸில் இன்ஜினுக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனி கூலன்ட் டேங்க். பார்க்க வேண்டியது இன்ஜின் டேங்க்கை.
* வண்டி சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெண்புகை.
* ஸ்கேனரில் பி0300 முதல் பி0304 வரை வந்தால், சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி0401 வந்தால், இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை.

ப்ரியஸில் டெம்பரேச்சர் முள் கிடையாது, எச்சரிக்கை விளக்குதான். அது எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

எப்படி உறுதி செய்வது?

குலுங்கினாலே கேஸ்கெட் என்று முடிவுகட்ட வேண்டாம். இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் பழுதானாலும் குலுங்கும். காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, ஆறிய இன்ஜினில் கூலன்ட் பாதைக்கு அழுத்தம் கொடுத்து, இரவு முழுக்க விட்டுவைப்பது. காலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தால், கூலன்ட் இறங்கிய சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் ஈரமாகவோ, கழுவிவிட்டதுபோலவோ இருக்கும்.

எரிவாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்பதை நீல ரசாயனம் சொல்லும், கலந்தால் மஞ்சளாகும். இதற்கு இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபிரிட்டில் அது தானாக நின்றுவிடும் என்பதால், 'மெயின்டனன்ஸ் மோடில்' வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

கூலரே உள்ளுக்குள் விரிசல் விட்டாலும் இதே அறிகுறிகள் வரலாம். அதைக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்டைக் கழற்றும் பெரிய செலவுக்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, அடைத்த கூலரை அப்படியே விட்டால் கோளாறு திரும்பி வரலாம். கூலர், வால்வு, இன்டேக் துளைகள் மூன்றையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கசிவை அடைக்கும் திரவம் ஊற்றுவது தீர்வல்ல.

ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, தொடாதீர்கள். 'ரெடி' விளக்கு எரியும்போது இன்ஜின் எந்த நொடியும் தானாகக் கிளம்பும். பானெட்டுக்குள் கை வைக்கும் முன் வண்டியை முழுவதும் அணைத்துவிடுங்கள்.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறீர்களா? முந்தைய இரவு முதல் ஓடாத வண்டியை, காலையில் உங்கள் கண்முன்னே கிளப்பச் சொல்லுங்கள். அந்த முதல் சில விநாடிகளிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்!