அலை இல்லாத ஊரிலிருந்து ஒரு கேமரா

அப்பா இறந்தபின் அம்மா பஃப்ளோ ரோடு வழியாகத் தேக்கா சந்தைக்குப் போவதில்லை. சுற்றிக்கொண்டு வேறு வாசலில் நுழைவார். நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத்துறை மாணவன். இரண்டாம் ஆண்டில் ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்கவேண்டும். கருப்பொருள் தேடியபோது ‘ரீசர்ஃபேஸ்’ (2017) கண்ணில்பட்டது. அரை மணி நேரம்கூட ஓடாத படம். ஈராக்கில் போரிட்ட பாபி லேன் என்ற அமெரிக்கர், வாழ்வே வேண்டாம் என்ற நிலையில் அலைச்சறுக்கு பழக வருகிறார். கேப்டவுனில் ‘வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்’ அமைப்பும் வன்முறை, இழப்பு கண்ட பிள்ளைகளை இதே போல் கடலுக்கு அழைத்துச் செல்கிறது. சரி, இதையே எடுக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

ஆனால் அலைக்கு எங்கே போவது? சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் மலேசியத் தீபகற்பமும் நம்மைச் சூழ்ந்திருப்பதால் பெருங்கடல் அலை ஈஸ்ட் கோஸ்ட் வரை வருவதில்லை.

மார்ச் விடுமுறையில் அப்பாவின் முதல் திதிக்காகச் சென்னை சென்றோம். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் கோவளம். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவப் பிள்ளைகள் புகை, மது பக்கம் போகாமல் படிப்பைத் தொடரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பார்த்த கரை அது. அதே கடலில் பிள்ளைகள் சிரித்தபடி விழுந்து எழுகிறார்கள்.

கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு நானும் இறங்கினேன். “பலகையப் பாக்காதீங்க தம்பி, கரையப் பாருங்க,” என்றார் பயிற்றுநர். ஒன்பது முறை விழுந்தேன். பத்தாவதில் மூன்று விநாடி நின்றிருப்பேன். கரையேறியபோதுதான் உறைத்தது: ஒரு மணி நேரமாக நான் அப்பாவை நினைக்கவே இல்லை. திதிக்கு வந்த இடத்தில்! மணலில் உட்கார்ந்து அழுதேன். ஓராண்டில் அதுதான் முதல் அழுகை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இங்கு திரும்பியதும் மனநல ஆலோசகரைப் பார்த்தேன். துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோபா, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999லேயே விளக்கியிருப்பதை அவர் சொன்னார். கடல் எனக்கு அதைச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். அலைச்சறுக்கு மருந்தாகிவிடாது. ஆலோசகரிடம் போகத் தயங்கினால் 1771 தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம். நெருக்கடி என்றால் 1767, 24 மணி நேரமும்.

படத்தொகுப்பில் உட்கார்ந்தபோது கையில் மூன்று மணி நேரக் கடல் இருந்தது. எங்கள் வீடு ஒரு விநாடிகூட இல்லை. அன்றிரவு சமையலறையில் கேமராவை வைத்து, “ஏம்மா அந்த வழியா போறதில்ல?” என்று கேட்டேன்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “வெள்ளிக்கிழமை அப்பாதான் அங்க பூ வாங்குவாரு. பூக்காரர் ‘அண்ணன் எங்க’னு கேப்பாரு. நான் என்னடா சொல்லுவேன்?”

பிறகு இருவரும் நள்ளிரவு வரை பேசினோம். பாதியிலேயே கேமராவை அணைத்துவிட்டேன்.

அந்தக் காட்சி படத்தில் இல்லை, அம்மா வேண்டாம் என்றார். இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டபோது, “எழுதிக்க, என் மூஞ்சியப் போடாத,” என்றார். சென்ற வெள்ளிக்கிழமை இருவரும் பஃப்ளோ ரோடு வழியாகப் போனோம். பூக்காரர் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.