லக்னோ நவாபுகளின் கதை

உத்தரப் பிரதேசத்தின் தலைநகரம் லக்னோ. அங்கே பெரிய இமாம்பாரா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. முஹர்ரம் மாதத்தில் இமாம் ஹுசைனை நினைத்து மக்கள் கூடித் துக்கம் அனுசரிக்கும் இடம் அது. அதன் நடுக்கூடம் சுமார் 160 அடி நீளம், 50 அடி அகலம். இவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. உத்திரமும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புமே கூரையைத் தாங்கி நிற்கின்றன.

இதைக் கட்டியவர் நவாப் ஆசப் உத் தௌலா. ஆண்டு 1784. அப்போது நாட்டில் கொடிய பஞ்சம். வேலை கொடுத்துக் கூலி கொடுத்தால்தான் மக்கள் பிழைப்பார்கள் என்று நவாப் கட்டட வேலையைத் தொடங்கினார். பகலில் ஏழைகள் கட்டினார்கள். இரவில் வேறு ஆட்கள் வந்து ஒரு பகுதியை இடித்தார்கள். வேலை முடிந்துவிடக் கூடாது, கூலி நின்றுவிடக் கூடாது என்பதற்காக! இப்படி ஒரு கதை லக்னோவில் உண்டு. கதை எப்படி இருந்தாலும், பஞ்ச காலத்தில் வேலை கொடுத்தது உண்மை.

இப்படிக் கட்டடம் கட்டிய அரச குடும்பம் எப்படி வளர்ந்தது? எப்படி அழிந்தது?

முதல் நவாப்

இந்த நாட்டின் பெயர் அவத். அயோத்தி என்ற பெயர்தான் அப்படி ஆனது. நம் பள்ளிப் புத்தகங்களில் 'அயோத்தி நவாப்' என்று படித்திருப்பீர்கள். அவர்களும் இவர்களே. கங்கைச் சமவெளியின் நல்ல விளைநிலம் அவத். நெல், கோதுமை, கரும்பு எல்லாம் விளையும். நிலவரி நிறைய வரும்.

டெல்லியில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் 1707-இல் இறந்தார். அதன் பிறகு டெல்லியின் பலம் குறைந்தது. 1722-இல் சாதத் கான் என்பவரைப் பேரரசர் அவத்தின் ஆளுநராக அனுப்பினார். இவர் பாரசீகத்திலிருந்து, அதாவது இன்றைய ஈரானிலிருந்து, பிழைப்புத் தேடி வந்தவர். கெட்டிக்காரர். ஆளுநராக வந்தவர் மெல்ல மெல்ல அரசரைப் போல ஆனார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் சப்தர் ஜங், அடுத்து அவர் மகன் சுஜா உத் தௌலா. பேருக்கு டெல்லி பெரியது. காரியத்தில் நவாப்தான் எல்லாம்.

சுஜாவின் தலைநகரம் பைசாபாத். அவரிடம் பெரிய படை இருந்தது. வட இந்தியாவில் அவரை எதிர்க்க எல்லோரும் யோசித்தார்கள்.

ஒரு நாள் சண்டை

இதே சமயத்தில் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது. வியாபாரம் செய்ய வந்த இங்கிலாந்துக் கம்பெனி அது. நம் பாட்டன் காலத்துப் பேச்சில் 'கும்பினி' என்பார்கள். 1757-இல் பிளாசி சண்டையில் வென்று, வங்காளத்தில் தனக்கு வேண்டியவரை நவாபாக வைத்தது.

1764 அக்டோபரில் பக்சர் என்ற ஊரில் பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் சுஜா, முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளத்திலிருந்து விரட்டப்பட்ட மீர் காசிம். மறுபக்கம் கம்பெனிப் படை. மூவர் சேர்ந்தும் கம்பெனி வென்றது. மூவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. கம்பெனிப் படையோ பழக்கப்பட்டது. அதன் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்தான்.

மறு ஆண்டு அலகாபாத்தில் ஒப்பந்தம் ஆனது. சுஜா 50 லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் 50 லட்சம்! சுஜாவின் மனைவி பகு பேகம் தன் நகைகளையெல்லாம் கழற்றிக் கொடுத்தார், மூக்குத்தியைக்கூட விடவில்லை என்று சொல்வார்கள்.

கம்பெனி நாட்டைப் பிடுங்கவில்லை. ஆளத் தெரிந்த நவாபே ஆளட்டும், பணம் நமக்கு வரட்டும் என்று நினைத்தது.

காவல் கூலி

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். அவத் அழிந்தது சண்டையால் அல்ல, கணக்கால்.

கம்பெனி நவாபிடம் சொன்னது: "உங்கள் நாட்டை எதிரிகளிடமிருந்து நாங்கள் காப்போம். எங்கள் படை உங்கள் நாட்டில் இருக்கும். செலவை நீங்கள் கொடுங்கள்." கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான்.

ஒரு விவசாயி தன் வயலுக்குக் காவல் வைக்கிறார். எத்தனை காவல்காரர்கள் வேண்டும் என்பதைக் காவல்காரரே முடிவு செய்கிறார். கூலி எவ்வளவு என்பதையும் அவரே சொல்கிறார். கூலி பாக்கி விழுந்தால், "பாதி வயலை எழுதிக் கொடு" என்கிறார். வயல் என்ன ஆகும்? அவத் அப்படித்தான் ஆனது.

சுஜா 1775-இல் இறந்தார். மகன் ஆசப் உத் தௌலா நவாப் ஆனார். கம்பெனி உடனே புது ஒப்பந்தம் கேட்டது. படைச் செலவு கூடியது. காசி நகரமும் அதைச் சுற்றிய பகுதியும் கம்பெனிக்குப் போயின. ஆசப் தலைநகரை லக்னோவுக்கு மாற்றினார். தாராளமாகச் செலவு செய்தவர் அவர். ஒரு பக்கம் மாளிகை, விருந்து. மறுபக்கம் கம்பெனிக்குப் பாக்கி ஏறிக்கொண்டே போனது.

பாக்கியை வசூலிக்க கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். பைசாபாத்தில் நவாபின் தாயிடமும் பாட்டியிடமும் நிறையச் செல்வம் இருந்தது. 1782-இல் அவர்களுடைய மாளிகையைப் படை சூழ்ந்தது. அவர்களுடைய காரியக்காரர்களைச் சிறையில் வைத்துத் துன்புறுத்திப் பணத்தை வாங்கினார்கள். அந்தத் தாய் வேறு யாரும் இல்லை, அன்று மூக்குத்தி கொடுத்த பகு பேகம்தான். பின்னால் ஹேஸ்டிங்ஸ் மேல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வழக்கு நடந்தது. 1788-இல் தொடங்கி 7 ஆண்டுகள். இந்தப் பேகம்களின் விஷயமும் அதில் ஒரு குற்றச்சாட்டு. கடைசியில் ஹேஸ்டிங்ஸ் குற்றவாளி அல்ல என்று விட்டுவிட்டார்கள்.

1798-இல் கம்பெனி தனக்குப் பிடிக்காத ஒரு நவாபை இறக்கிவிட்டு, சாதத் அலி கானை ஏற்றியது. அவர் ஆண்டுக்கு 76 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார். மூன்றே ஆண்டுகள். 1801-இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி, "இனி பணம் வேண்டாம், நிலத்தைக் கொடுங்கள்" என்றார். அவத்தில் ஏறக்குறையப் பாதி கம்பெனிக்குப் போயிற்று. ஆண்டுக்கு 1 கோடியே 35 லட்சம் ரூபாய் வரி வரும் நிலம் அது. இதே 1801-இல் தெற்கே ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியையும் இதே வெல்லஸ்லிதான் எடுத்துக்கொண்டார். அங்கும் கடன், பாக்கி, ஒப்பந்தம் என்றுதான் கதை போனது.

ராஜா பட்டம்

மிச்சப் பாதி அவத்தைச் சுற்றிலும் கம்பெனியின் நிலம். வடக்கே மட்டும் நேபாளம். இனி எந்த எதிரியிடமிருந்து காவல்?

சாதத் அலி சிக்கனமானவர். கஜானாவில் நிறையப் பணம் சேர்த்து வைத்துவிட்டு 1814-இல் இறந்தார். அவர் மகன் காஜி உத்தீனிடம் கம்பெனி கடன் கேட்டது. நேபாளத்தோடு போர் நடத்த ஒரு கோடி. பிறகு மேலும் கோடிகள். காவல் கூலி வாங்கியவர் இப்போது கடனும் வாங்கினார்!

1819-இல் காஜி உத்தீன் 'ராஜா' என்று முடிசூடிக்கொண்டார். தூண்டிவிட்டது கம்பெனி. டெல்லிப் பேரரசரின் மதிப்பைக் குறைக்க அது ஒரு வழி. பட்டம் பெரிதானது. அதிகாரம் பெரிதாகவில்லை. லக்னோவில் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் இருந்தார். அவரை ரெசிடெண்ட் என்பார்கள். அவர் சம்மதம் இல்லாமல் ராஜா மந்திரியைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியாது.

கலை வளர்ந்தது

அதிகாரம் போன அரசர்கள் பணத்தை எங்கே செலவழிப்பார்கள்? கட்டடம், கவிதை, பாட்டு, நடனம், சமையல். லக்னோவின் உருதுக் கவிதையும், கதக் நடனமும், தும்ரிப் பாட்டும், சிகன் என்ற வெள்ளைப் பூத்தையலும் புகழ் பெற்றன. பெரிய பெரிய இந்து அதிகாரிகள் நவாபுகளிடம் வேலை பார்த்தார்கள். ஆசப்பின் திவான் பெயர் ராஜா டிகைத் ராய். கடைசி ராஜா வாஜித் அலி ஷா, கிருஷ்ணன் கதையை நாட்டிய நாடகமாக்கி, தாமே கிருஷ்ணனாக வேடம் போட்டார்.

வாஜித் அலி 1847-இல் பட்டத்துக்கு வந்தார். அவரைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதியது ஒரே மாதிரி இருக்கும்: பாட்டு, கூத்து, பெண்கள், ஆட்சியில் அக்கறை இல்லை. இதில் பாதி உண்மை. கிராமங்களில் வரி வசூல் ஏலத்துக்கு விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்கள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். தாலுக்தார்கள் என்ற பெரிய நிலக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். குடியானவர் பாடு கஷ்டம்தான்.

மறுபாதி என்ன? படை வைத்திருந்தது கம்பெனி. தாலுக்தாரை அடக்கப் படை கேட்டால் எளிதில் கிடைக்காது. ராஜா சீர்திருத்தம் செய்யப் போனால் ரெசிடெண்ட் குறுக்கே நிற்பார். அதிகாரம் ஒருவரிடம், பழி இன்னொருவரிடம். ஸ்லீமன் என்ற ரெசிடெண்ட் நாடு முழுக்கச் சுற்றி, ஆட்சி மோசம் என்று எழுதினார். அவரே, நாட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். அவத் ஒரு பழம், ஒரு நாள் நம் வாயில் வந்து விழும் என்று அவர் முன்பே எழுதியிருந்தார்.

தலைப்பாகை

1856 பிப்ரவரி. ரெசிடெண்ட் அவுட்ரம் அரண்மனைக்கு வந்தார். கையில் ஒரு புது ஒப்பந்தம். நாட்டைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம்.

வாஜித் அலி அழுதார். தம் தலைப்பாகையைக் கழற்றி அவுட்ரம் கையில் வைத்தார். "ஒப்பந்தம் சமமானவர்களுக்குள் நடப்பது. எனக்கு எதற்கு?" என்ற கருத்தில் பேசினார். கையெழுத்து மட்டும் போடவே இல்லை. பிப்ரவரி 7-ஆம் தேதி கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. தம் வீரர்கள் எதிர்க்கக் கூடாது என்று ராஜாவே உத்தரவு போட்டிருந்தார்.

ராஜா கல்கத்தாவுக்குப் போனார். அவருடைய தாய் கடல் கடந்து லண்டனுக்கே போனார், விக்டோரியா ராணியிடம் நியாயம் கேட்க. பர்தாவில் இருந்த வயதான பெண்மணி. நாடு திரும்பக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் 1858-இல் பாரிஸ் நகரில் இறந்தார். அங்கேதான் அவர் அடக்கம்.

பேகம் ஹஜ்ரத் மஹால்

அவத்தில் என்ன நடந்தது? ராஜாவின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அரண்மனையை நம்பிப் பிழைத்த சமையல்காரர், தையல்காரர், பாடகர் எல்லோருக்கும் அடுப்பு அணைந்தது. தாலுக்தார்கள் கையில் முன்பு நூற்றுக்கு 67 கிராமங்கள் இருந்தன. அது 38 ஆகக் குறைந்தது. நிலவரி பல இடங்களில் கூடியது. குடியானவருக்கும் ஆறுதல் இல்லை. கம்பெனியின் வங்காளப் படையில் இருந்த சிப்பாய்களில் ஏராளமானோர் அவத் கிராமத்துப் பிள்ளைகள். ஊரில் நடந்தது அவர்கள் காதுக்கு எட்டாமல் இருக்குமா?

1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஜூன் முடிவதற்குள் அவத் முழுவதும் எழுந்தது. வாஜித் அலியை ஆங்கிலேயர்கள் கல்கத்தாக் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். அவரை விட்டுப் பிரிந்து லக்னோவில் தங்கிய மனைவி பேகம் ஹஜ்ரத் மஹால். சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். ஜூலை மாதம் தம் சிறு வயது மகன் பிர்ஜிஸ் கதரை அரியணையில் ஏற்றினார். மகன் பெயரில் தாமே ஆட்சியை நடத்தினார். இந்துக்களும் முஸ்லிம்களும், சிப்பாய்களும் தாலுக்தார்களும் அவரோடு நின்றார்கள். ரெசிடெண்ட் மாளிகைக்குள் ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் முற்றுகைக்குள் கிடந்தார்கள். மீட்க வந்த அவுட்ரமும் உள்ளே மாட்டிக்கொண்டார்.

1858 மார்ச்சில் லக்னோ விழுந்தது. பேகம் அதன் பிறகும் போராடினார். அந்த நவம்பரில் விக்டோரியா ராணி ஓர் அறிக்கை வெளியிட்டார். கம்பெனி ஆட்சி போய்விட்டது, இனி என் ஆட்சி, எல்லோருக்கும் நியாயம் என்று சொன்னது அது. பேகம் அதற்குப் பதில் அறிக்கை போட்டார். ராணி நாட்டை எடுத்துக்கொண்டார் என்றால் எங்கள் நாட்டை ஏன் திருப்பித் தரவில்லை? ரோடு போடுவதும் கால்வாய் வெட்டுவதும் தவிர இந்தியருக்கு வேறு வேலை இல்லையா? இப்படிக் கேட்டது அந்த அறிக்கை.

பிறகு பேகம் நேபாளத்துக்குப் போனார். ஆங்கிலேயர் பென்ஷனை ஏற்கவில்லை. 1879-இல் காட்மாண்டுவில் இறந்தார். 1984-இல் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

மட்டியாபுர்ஜ்

வாஜித் அலி 1859-இல் விடுதலையானார். லக்னோவுக்குத் திரும்ப விடவில்லை. கல்கத்தாவில் ஆற்றங்கரையில் மட்டியாபுர்ஜ் என்ற இடத்தில் இன்னொரு சின்ன லக்னோவைக் கட்டிக்கொண்டார். இமாம்பாரா, மாளிகைகள், மிருகக்காட்சிசாலை, புறாக்கள், பட்டம் விடுதல் எல்லாம் அங்கே வந்தன. சமையல்காரர்களும் வந்தார்கள். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்கும். அது அவர்கள் போட்டதுதான் என்பார்கள். இறைச்சி வாங்கப் பணம் போதாமல் போட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்போது உருளைக்கிழங்கு புதுப் பண்டம், அதனால் ஆசைக்குப் போட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். மாதம் ஒரு லட்சம் பென்ஷன் வாங்கியவருக்கு இறைச்சிக்கா பஞ்சம்? இரண்டாவதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. அவரோடு வந்த தையல்காரர்களின் தொழிலும் அங்கே வேர் பிடித்தது. மட்டியாபுர்ஜ் ஒரு பெரிய ஆடைச் சந்தையாக வளர்ந்தது.

1887-இல் வாஜித் அலி இறந்தார். ஆங்கில அரசு அவருடைய மாளிகைகளை விற்றும் இடித்தும் தீர்த்தது.

காஜி உத்தீன் கொடுத்த கடன் ஒன்று மட்டும் பாக்கி நின்றது. அதன் முதலைக் கம்பெனி திருப்பித் தராது. வட்டியை அவருடைய சொந்தக்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் என்றைக்கும் கொடுத்துவர வேண்டும். ஒப்பந்தம் அப்படி. இதற்கு வசீகா என்று பெயர். கம்பெனி போய், ராணி ஆட்சி போய், நாடு விடுதலை அடைந்த பிறகும் இந்தத் தொகை வந்தது. லக்னோவில் இதற்கென்றே ஓர் அலுவலகம் நடந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து பிரிந்து சிறுத்தது. 2000-க்குப் பிறகு சிலருடைய பங்கு மாதம் 10 ரூபாயைக்கூடத் தொடவில்லை. வண்டிச் செலவுக்கே அது போதாது. ஆனாலும் நவாப் வீட்டுப் பணம் என்று அவர்கள் நேரில் வந்து வாங்கிப் போனார்கள்.