கூதிர்காலத்து வீடும் ஒரு பூனையும்

இலையுதிர்காலத்தை நாம் முதலில் அறிந்தது ஆங்கிலப் பாடநூலின் படத்திலேதான். செந்நிற மேப்பிள் இலைகள் வாசற்கதவில் வளையமாகத் தொங்கும். படியிலே பூசணிக்காய் அமர்ந்திருக்கும். அதனருகே கொழுத்த பூனையொன்று கண்மூடிக் கிடக்கும். புத்தளக் கரையிற் பிறந்த எனக்கு அந்தப் படத்தில் தெரிந்த முகமாக இருந்தது பூனை ஒன்றே.

நமக்கு அக்காலம் இலை உதிரும் காலமன்று. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் கூதிர் எனப்படும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் தணிய, உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலை இழுப்பார்கள். அந்தி சாய மழை இறங்கும். ஆண்டின் பெரும்பகுதியும் வறண்டு கிடந்த மண்ணிற் சில நாளிலே பச்சை படரும். வலை கரையேறும் இடத்தில் ஊர்ப் பூனைகள் வந்து வரிசையாக அமரும். அவற்றுக்கும் அதுவே பண்டிகைக் காலம்.

வீட்டை அழகு செய்வதும் அப்பொழுதுதான். முதலில் தீபாவளி, பின்னர் கார்த்திகை விளக்கீடு. புத்தளம், குருநாகல், கொழும்பு ஆகிய மூன்றையும் தொட்டு நிற்பது தென்னை முக்கோணம். அங்கே வாழ்பவருக்கு அலங்காரப் பொருள் தேடிக் கடைக்குப் போகவேண்டியதில்லை. குருத்தோலை, மாவிலை, நிறைகுடம், அரிசிமாக் கோலம், அகல் விளக்கு ஆகிய இவற்றுக்கு மேல் என் தாயார் எதையும் விரும்பியதில்லை.

எனக்கு அது போதவில்லை. ஒரு கார்த்திகையிலே கடையில் வெள்ளிச் சரிகை நாடாவும் நைலோன் நூலும் வாங்கிவந்து, சாளரந்தோறும் தாழத் தொங்கவிட்டேன். காற்றில் அவை மின்னி ஆடின. எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பூனை அவற்றைத் தாவித் தாவிப் பிடித்தது. வீட்டார் அனைவரும் பார்த்துச் சிரித்தோம்.

மறுநாள் அது மீனை முகர்ந்துவிட்டு விலகிப் போயிற்று. பின்பு வாந்தி எடுத்தது. வாயோரத்தில் நூலொன்று தொங்கக் கண்டேன். உதவி செய்கிறேன் என்று நினைத்து அதைப் பிடித்து இழுத்தேன். மூன்றாம் நாள் அது திண்ணையின் மூலையிற் சென்று படுத்தது, பிறகு எழவில்லை.

ஒரு மிருக வைத்தியர் பின்னர் எனக்கு அதை விளங்கவைத்தார். பூனையின் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. நாவிற் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப இயலாது; விழுங்கவே நேரும். நூலின் ஒரு முனை நாவடியிலோ இரைப்பையிலோ சிக்கிவிட்டால், மறுமுனை குடலைச் சுருக்குப் பையைப் போல் இழுத்து மடிக்கும். அந்நிலையில் வெளியே தெரியும் நூலை இழுத்தால் அது குடலை அறுத்துவிடும். இழுக்காமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோவதே வழி. அறியாமையும் அன்பும் சேர்ந்தால் எத்தகைய கை உண்டாகும் என்பதை அன்று நான் கண்டேன்.

கடைச் சரக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழைக்காலத்து வேலிகளிற் சுடர்விடும் கார்த்திகைப்பூவும் அத்தகையதே. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலாவதாக நிற்கும் காந்தள் அதுதான். அதன் கிழங்கு முதல் இதழ் வரை கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடியும் அதே குடும்பத்தது. அதே நஞ்சை உடையது. 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞரான பெல்லெத்தியேயும் கவந்துவும் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். இரு நாட்டிலும் பருவத்தின் அழகு ஒரே நஞ்சை ஒளித்து வைத்திருப்பது வியப்பே. வேலியில் நின்று ஒளிரட்டும். குவளையில் இட்டு வீட்டுக்குள் கொணர வேண்டாம். அலரியும் அவ்வாறே. கடைகளில் விற்கும் லில்லிப் பூவோ பூனைக்கு இவற்றினும் கொடிது. மயிரிற் படிந்த மகரந்தத்தைப் பூனை நக்கினாலும் இரண்டு மூன்று நாளிற் சிறுநீரகம் செயலற்றுப் போகக்கூடும்.

இப்பொழுது எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அலங்காரம் பழைய வழிக்கே திரும்பிவிட்டது. குருத்தோலைத் தோரணத்தை நூலின்றி ஓலை நரம்பினாலேயே முடிந்து, நிலைப்படியின் மேலே இழுத்துக் கட்டுகிறோம்; தொங்கி ஆடும் முனை எதையும் விடுவதில்லை. மாவிலைகளை ஈர்க்கினாற் கோப்பதால் அவற்றுக்கும் நூல் வேண்டியதில்லை. விழா முடிந்ததும் ஈர்க்கையும் எண்ணி எடுத்துவிடுகிறோம். நிறைகுடம் சுவரோரத்தில் மணற்படுக்கையின்மீது அமர்ந்திருக்கும். உரசிச் செல்லும் உடலால் அது சாயாது. விளக்கீட்டன்று முற்றத்தில் வாழைக்குற்றி நாட்டி, அதன் தலையில் விளக்கேற்றுகிறோம். பூனையின் வாலுக்கு எட்டாத உயரம் அது. ஈரத் தண்டாகையால் தீயும் பரவாது. சுடர் அணையும்வரை ஒருவர் அருகில் இருப்பார்.

முன்னோர் பூனையை எண்ணி இவ்வழக்கங்களை வகுத்தனர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தோட்டத்தில் விளைந்து, வாடி, மீண்டும் மண்ணுக்கே போகும் பொருள்களால் அணி செய்தவர்களுக்கு, உடன் வாழும் உயிரைக் காப்பதும் எளிதாயிருந்தது. வீட்டை யாருக்காக அழகு செய்கிறோம் என்று கேட்டால், வரும் விருந்தினருக்கு என்போம். நாள் முழுவதும் அவ்வீட்டிற் கிடப்பவர்களையும் அந்தக் கணக்கிற் சேர்க்க எனக்கு ஒரு பூனையின் உயிர் வேண்டியிருந்தது.

சென்ற விளக்கீட்டன்று கோலத்தின் குறுக்கே மாப் படிந்த சிறு பாதங்கள் நடந்து போயிருந்தன. அவற்றை யாரும் அழிக்கவில்லை.