நடைக்கு ஏற்ற கேமரா

காட்டு வழியிலும் மலை வழியிலும் நடந்து படம் எடுக்கப் பலருக்கு ஆசை உண்டு. அதற்கு எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம்? கடையில் பல வகைகளைக் காட்டுவார்கள். விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கும். பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. எனவே விவரம் தெரிந்து வாங்க வேண்டும்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். உத்தராகண்ட் மாநிலத்தில், இமயமலையில், மலர்ப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1982இல் அது தேசியப் பூங்கா ஆனது. ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். உள்ளே வண்டி போகாது. காங்கரியா என்ற ஊரிலிருந்து மலை ஏறி நடக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூக்கள் நிறைந்திருக்கும். மழையும் அப்போது அதிகம்.

அங்கே போகிறவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எடை: லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா நல்ல படம் தரும். ஆனால் இரண்டு மூன்று லென்ஸ்கள் சேர்ந்தால் எடை இரண்டு கிலோவைத் தொடும். ஏற்றத்தில் அது பெரும் பாரம். பாரமான கேமரா பையிலேயே கிடக்கும். சட்டைப் பையில் அடங்கும் சிறிய கேமரா எப்போதும் கையில் இருக்கும்.

மெகாபிக்சல்: ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள படத்தைத் தெளிவாக அச்சிட, இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சென்சார்: ஒளியை வாங்கிக்கொள்ளும் பகுதி இது. மழையில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் நீர் அதிகம் சேரும்? அண்டாவில்தானே! அதுபோலப் பெரிய சென்சாரில் அதிக ஒளி சேரும். மேகம் மூடிய நேரத்திலும் படம் தெளிவாக வரும்.

ஜூம்: தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டுவது ஜூம். லென்ஸ் செய்யும் ஜூமில் தெளிவு குறையாது. டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும். அதில் தெளிவு குறையும். லென்ஸ் ஜூம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பூவைப் படம் எடுக்கக் கேமராவை அருகில் கொண்டுபோக வேண்டும். கடையிலேயே ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா?

மழையும் குளிரும்: நீர் புகாத கேமராவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் உறை எடுத்துச் செல்லுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொரு பேட்டரியை உடைக்குள், உடல் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேமரா வாங்குவதானால், லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் பூஞ்சணம் இருந்தால் வாங்காதீர்கள். புதியது என்றால் ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேமரா உள்ள கைப்பேசி வீட்டில் இருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். எந்தப் படம் சரியாக வரவில்லை? தொலைவில் இருந்த பறவையா? அப்படியானால் லென்ஸ் ஜூம் வேண்டும். மங்கிய ஒளியில் எடுத்ததா? பெரிய சென்சார் வேண்டும். எல்லாப் படமும் நன்றாக வந்ததா? அப்படியானால் பணம் உங்களிடமே இருக்கட்டும்.