அம்மாவுக்கு வரும் படிக்காக

தேசப்பற்றுக்காகப் படையில் சேரவில்லை என்று ஆங்கிலக் கவிஞர் ஐசக் ரோசன்பர்க் கடிதத்திலேயே எழுதிவிட்டார். 1915 அக்டோபரில் அவர் கையெழுத்துப் போட்டது, சிப்பாயின் குடும்பத்துக்கு அரசு தரும் படி அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்பதற்காக. அந்த வீட்டில் போர் என்றாலே ஆகாது. பெற்றோர் டால்ஸ்டாய் வழியில் போரை வெறுத்தவர்கள்.

ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா தெருத்தெருவாகச் சாமான் விற்றவர். 1890-ல் பிரிஸ்டலில் பிறந்த ஐசக், லண்டனின் கிழக்குச் சேரிகளில் வளர்ந்தார். 14 வயதில் பள்ளியை விட்டு, செதுக்கோவியப் பட்டறையில் தொழில் பழகப் போனார். ஓவியம் நன்றாக வந்தது. வசதியான யூதப் பெண்மணிகள் சிலர் பணம் கட்ட, 1911-ல் ஸ்லேடு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அப்போது வரைந்த தன்னுருவப் படம் இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் ஓவியம் வயிற்றை நிரப்பவில்லை.

ஆள் குள்ளம். உயரம் குறைந்தவர்களுக்கென்றே அமைத்த ‘பேன்டம்’ படைப்பிரிவில்தான் முதலில் எடுத்தார்கள். பூட்ஸ் காலைக் கடித்தது. யூதன் என்ற ஏளனம் வேறு. மறதிக்காரர், அதனால் தண்டனையும் வாங்கினார். முதல் உலகப் போர்க் கவிஞர்கள் என்றதும் நினைவுக்கு வரும் ஓவன், சசூன், புரூக் மூவரும் அதிகாரிகள். ரோசன்பர்க் கடைசிவரை வெறும் சிப்பாய். கிடைத்த தாளில் பென்சிலால் எழுதி வீட்டுக்கு அனுப்புவார், சகோதரி ஆனி தட்டச்சு செய்து வைப்பார். பதுங்குகுழியில் ஓடும் எலி ஒன்றைப் பற்றிய அவரது கவிதை 1916-ல் சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழில் வந்தது. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களிடமும் பேதம் பார்க்காமல் போய்வருகிற எலி அது! அந்த இடத்தில் மண்வெட்டி பிடித்தவனுக்குத்தான் அப்படி எழுத வரும் என்பது என் எண்ணம்.

1918 ஏப்ரல் 1 அன்று, பிரான்சில் அராஸ் நகருக்கு அருகே கொல்லப்பட்டார். வயது 27. மார்ச் 28 தேதியிட்ட அவரது கடைசிக் கடிதத்தில் ஏப்ரல் 2 அஞ்சல் முத்திரை விழுந்திருக்கிறது.

உடலைப் பிறகு பெய்லூல் சாலைக் கல்லறைக்கு மாற்றினார்கள். எனினும் இன்ன குழி என்று உறுதியில்லாததால், ‘இந்த இடத்துக்கு அருகே’ என்றுதான் கல்லில் இருக்கிறது. அதன் கீழே ‘ஓவியர், கவிஞர்’ என்று பொறிக்கச் சொன்னது குடும்பம். அந்நாளில் கல்லறை வாசகத்துக்கு எழுத்துக் கணக்கில் கட்டணம் உண்டு.