ஊடு திரும்பும் இடம்

அரக்கோணத்துக் கல்யாணக் கூடங்களில் விரிக்கிற பவானி ஜமக்காளத்தை உற்று நோக்கினால், அதன் சிவப்பும் பச்சையும் நீலமும் விளிம்பு தொடங்கி விளிம்புவரை நேர்ப்பட்டைகளாகவே ஓடக் காணலாம். குழித்தறியில் நாடா ஒவ்வொரு முறையும் பாவின் முழு அகலத்தையும் கடந்து செல்வதே அதற்குக் காரணம். துருக்கியிலும் பாரசீகத்திலும் ஆடு மேய்த்துத் திரிந்த குலங்களின் பெண்கள் கம்பளி நூலால் நெய்த கிலிம் என்னும் பழைய விரிப்புகளோ, முக்கோணமும் சாய்சதுரமும் கொக்கியுமாக க்ஷேத்திர கணிதமே விரித்துக் கிடப்பதுபோல் விளங்குகின்றன.

கிலிமில் மயிர்முடிச்சுக் கிடையாது. ஊடு நூலை நெருக்கி அடித்துப் பாவைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுவார்கள். ஒவ்வொரு நிறமும் தன் எல்லைவரை மட்டுமே சென்று, அங்குள்ள பாவிழையைச் சுற்றித் திரும்பிவிடும். அடுத்த நிறம் அடுத்த இழையைச் சுற்றித் திரும்பும். இரண்டையும் கோப்பது ஏதுமில்லாமையால் நடுவே ஒரு பிளவு விழுகிறது. விரிப்பை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், அவ்விடத்தில் ஊசிக் கீற்றாக வெளிச்சம் தெரியும். பிளவு நீண்டால் விரிப்பு நலியும். ஆகவே நெசவுக்காரி சில வரிசைகளுக்கு ஒருமுறை எல்லையைப் பக்கத்து இழைக்குத் தள்ளுகிறாள்; சாய்கோடு படிக்கட்டாக ஏறுகிறது. இவ்வுருவங்களுக்கெல்லாம் புராதன சமயப் பொருள் கற்பிப்போர் உண்டு. அதை முற்றும் மறுக்க நான் துணியேன். ஆயினும் முதலில் பேசியது நூல்தான், பொருள் பிறகு வந்து குடியேறியது என்பதே என் அபிப்பிராயம்.

கிலிமுக்குக் கம்பளி வேண்டும்; நம் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறிக்கோ கம்பளி இல்லை, குட்டை மயிர்தான். அதன் பெருமை தோலில். எனினும் ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் பதனிடுவோர் கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் தலைமுறைகளாகக் கண்ட துவர்ப்புச் சத்துக்கும் கிலிமுக்கும் நெருங்கிய உறவுண்டு. மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பைப் படிகாரம் கம்பளியில் நிலைநிறுத்துகிறது. கறுப்புக்கோ, கிலிமுக்குச் சாயமிட்டோர் துவர்ப்புச் சத்தோடு இரும்பைச் சேர்த்தனர். அந்த இரும்பு நூலுக்குள்ளேயே இருந்துகொண்டு மெல்ல மெல்லக் கம்பளியை அரிக்கிறது. நூறாண்டு கண்ட விரிப்பின்மேல் கையை ஓட்டிப் பாருங்கள்: சிவப்பும் நீலமும் தடித்து நிற்க, அவற்றைச் சுற்றிக் கறுப்புக்கோடு ஓடிய வழியெல்லாம் பள்ளமாகி, சிற்சில இடங்களில் வெறும் பாவு நூலே விரலில் தட்டுப்படும்.